எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா, இல்லை சி.எஸ்.ஆர். தானா?

வாசகர் கேள்வி – பதில்

காவல் நிலையம், புகார் என்று வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றித்தான் வருகின்றன. ஆகவே இந்த முறை எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

'முதல் தகவல் அறிக்கை' என்கிறார்களே, யாருக்கு முதல்? அறிக்கையை எழுதுவது புகார் கொடுப்பவரா, போலீஸா?
– வாசகர், திருச்சி

காவல் நிலையத்துக்கு முதல். ஒரு குற்றம் நடந்ததாக நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு முதலில் வந்து சேர்ந்து, எழுத்தில் ஏறிய தகவல்தான் அது. சம்பவத்தை முதலில் பார்த்தவர் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் "கடைத்தெருவில் அடிதடி, சீக்கிரம் வாங்க" என்று போனில் சொல்லி வைத்துவிடுவது எஃப்.ஐ.ஆர். ஆகாது. அது போலீஸை வரவழைக்கும் அழைப்பு மட்டுமே என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கிடையாது என்பது வேடிக்கை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ஆம் பிரிவிலும் இருப்பது 'தகவல்' என்ற சொல்தான். அதைப் பதிந்த தாளை எஃப்.ஐ.ஆர். என்று அழைத்து அழைத்து அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

எழுதுவது யார் என்றால், இருவரும். புகார் உங்களுடையது. வாயால் சொன்னால் அவர்கள் எழுதி, படித்துக் காட்டி, உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் புகாரை வைத்து அச்சுப் படிவத்தை நிரப்புவது போலீஸ். எந்தச் சட்டப்பிரிவு என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். நீங்கள் பிரிவு எண் எதுவும் எழுத வேண்டியதில்லை. எழுதாமல் இருப்பதே நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் அடித்ததற்குப் புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். எண் போட்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது வக்கீல், அது எஃப்.ஐ.ஆரே இல்லை என்கிறார். என்ன வித்தியாசம்?
– வாசகி, திண்டுக்கல்

வக்கீல் சொல்வதுதான் சரி. சி.எஸ்.ஆர். என்பது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் உள்ள சமுதாயப் பணிப் பதிவேட்டில் உங்கள் மனுவை ஏற்றிக்கொண்டதற்கான ரசீது. மனு வந்தது, இன்ன தேதி, இன்ன எண் என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. சி.எஸ்.ஆர். நகல் நீதிமன்றத்துக்குப் போகாது. அதன் பேரில் புலன் விசாரணையும் தொடங்காது. எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரித்து, இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு 'மனு முடிக்கப்பட்டது' என்று குறித்துவிட்டாலும் மேலே யாரும் கேட்கப்போவதில்லை.

எஃப்.ஐ.ஆர். அப்படியல்ல. அதற்குக் குற்ற எண் உண்டு: 'கு.எண். 214/2025' என்பது போல. ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரி 1-இல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பதிந்தவுடன் ஒரு பிரதி நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். கொலை போன்ற பெரிய வழக்குகளில் தனியாக ஒரு காவலரிடம் கொடுத்து, ராத்திரி என்றாலும் நடுவர் வீட்டுக்கே அனுப்புவார்கள். 'எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.' என்பது அதுதான். நீதிமன்றம் போய்ச் சேர்ந்த நேரத்தை நடுவர் குறித்துவைப்பார். பின்னால் விசாரணையில் "காலையிலேயே பதிந்தது மாலை வரை ஏன் வந்து சேரவில்லை? நடுவில் திருத்தி எழுதினீர்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது இந்த இடைவெளியைத்தான்.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: தாளின் தலைப்பில் 'முதல் தகவல் அறிக்கை' என்று இருக்கிறதா, சட்டப்பிரிவு போட்டிருக்கிறதா, குற்ற எண் இருக்கிறதா, கடைசிப் பத்தியில் நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதியும் நேரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கும் இருந்தால் எஃப்.ஐ.ஆர்.

அதற்காக சி.எஸ்.ஆர். வீண் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் இன்ன தேதியில் நிலையத்துக்குப் போனீர்கள் என்பதற்கு அதுவே முதல் சான்று. வாங்காமல் வராதீர்கள்.

ஒரு சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் மீது எஃப்.ஐ.ஆர். பதிந்து நகல் கொடுத்தார்கள். "அசிங்கமாகத் திட்டி" என்று அதில் இருக்கிறது. அவர் அடித்தார், மிரட்டினார், திட்டவே இல்லை. நான் சொல்லாதது எப்படி உள்ளே வந்தது?
– வாசகர், விருதுநகர்

குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு வகையில் பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விசாரிக்கலாம், எஃப்.ஐ.ஆர். இதற்கு மட்டும்தான். இன்னொரு வகைக்கு நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே கூடாது (பி.என்.எஸ்.எஸ். 174). கையால் அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 115(2), இரண்டாவது வகை. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது, 296(பி), முதல் வகை. தண்டனை என்று பார்த்தால் திட்டியதற்கு 3 மாதம் வரை, அடித்ததற்கு ஓராண்டு வரை. ஆனாலும் திட்டினால் உடனே வழக்கு, அடித்தால் நடுவர் அனுமதி! அட்டவணை அப்படி.

ஒரு சம்பவத்தில் ஒரு குற்றமாவது முதல் வகையில் இருந்தால், மொத்த வழக்கும் அந்த வகையாகவே கொள்ளப்படும். அதனால்தான் தெருச்சண்டை எஃப்.ஐ.ஆர்.களில் முன்பு 294(பி), 323, 506(1) என்ற மூன்றும் ஜோடி பிரியாமல் வரும். இப்போது அவையே 296(பி), 115(2), 351(2) ஆகியிருக்கின்றன. உங்கள் வழக்கைப் பதிவதற்காகவே யாரோ அந்தத் திட்டைச் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். உதவிதானே என்று தோன்றும். ஆனால் சாட்சிக் கூண்டில் "என்ன வார்த்தை சொன்னார்?" என்று கேட்டால் நீங்கள் விழிப்பீர்கள், கூடவே மற்றதும் ஆட்டம் காணும். கையெழுத்துக்கு முன் முழுவதும் படியுங்கள். நடக்காதது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

கட்டை, கத்தி என்று ஆயுதத்தால் காயம் என்றால் 118(1). அது தானாகவே முதல் வகை, திட்டு தேவையில்லை.

புகாரை எப்படி எழுத வேண்டும்? சட்ட மொழி தெரியாது.
– வாசகி, தஞ்சாவூர்

சட்ட மொழி வேண்டாம். எஃப்.ஐ.ஆர். படிவம் எந்தெந்த விவரங்களைக் கேட்கிறது என்று தெரிந்தால் போதும், அதையே வரிசையாக எழுதிவிடலாம். சம்பவ நாள், கிழமை, நேரம். இடம், நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று படிவத்தில் ஒரு பத்தி உண்டு, ஆகவே அடையாளம் காணும்படி எழுதுங்கள். யார் செய்தது, தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத நபர்' என்றோ, உயரம், சட்டை நிறம், வண்டி எண் என்றோ. பெயர் தெரியாததால் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்பது தவறு. என்ன நடந்தது என்பதை நடந்த வரிசையில். யார் பார்த்தார்கள். பொருள் போயிருந்தால் ஒவ்வொன்றும் என்ன, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு.

மதிப்பில் கவனம். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் திருட்டு இப்போது பிடியாணை வேண்டும் வகைக்குப் போய்விட்டது. பழைய செல்போன்தானே என்று 3,000 என எழுதிவிட்டு, ஏன் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றிச் சொல்லவும் கூடாது. பில் இருந்தால் இணையுங்கள்.

தாமதமாகப் போனால் காரணத்தை எழுதியே ஆகவேண்டும். படிவத்தின் 8-ஆவது பத்தியே அதற்குத்தான். 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த துலியா காளி வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. கொலை நடந்து 20 மணி நேரத்துக்கும் மேலாகியே தகவல் பதிவானது. காவல் நிலையமோ 2 மைல் தொலைவில். விளக்கம் இல்லாத அந்தத் தாமதம் அரசுத் தரப்பைப் பலமாகப் பாதித்தது. தாமதமாகும்போது கதை வளரும் என்பதே நீதிமன்றத்தின் கவலை. "மருத்துவமனையில் இருந்தேன்", "குடும்பத்தில் பேசி முடிக்கலாம் என்று இருந்தோம்" என்பவை ஏற்கத்தக்க காரணங்களே; எழுதாமல் விடுவதுதான் ஆபத்து.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார், ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் "தெரிந்த 2 பேர் கட்டையால் தாக்கியதாக" என்று இருந்து, மறுநாள் எஃப்.ஐ.ஆரில் 5 பேர் வந்தால் அந்த 3 பேருக்கு விடுதலை வாங்கித் தரப்போவது நீங்கள்தான். மருத்துவரிடம் சொல்வதையும் நிலையத்தில் சொல்வதையும் ஒன்றாகச் சொல்லுங்கள்.

சின்ன விவரம் ஒன்று விட்டுப்போனால் பதற வேண்டாம். எஃப்.ஐ.ஆர். கலைக்களஞ்சியம் அல்ல என்பது நீதிமன்றங்களுக்குப் பழகிய வாசகம். ஆனால் முக்கியமான ஆளின் பெயரோ, ஆயுதமோ விட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டிவரும்.

"விசாரிக்கிறோம், போய்ட்டு வாங்க" என்று இரண்டு மாதமாக அலைக்கழிக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், கடலூர்

முதலில், உங்கள் புகார் உண்மையிலேயே எஃப்.ஐ.ஆருக்கு உரியதா என்று பாருங்கள். கொடுத்த கடன் திரும்பவில்லை என்பது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டும் செய்தி புகாரில் இருக்க வேண்டும். பொய்யான பத்திரம், இல்லாத வேலை, வேறொருவர் நிலம் என்று எதுவும் இல்லாவிட்டால் "சிவில் மேட்டர்" என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

புகாரைப் படித்தாலே குற்றம் தெரிகிறது என்றால் பதிந்தே ஆகவேண்டும். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, லஞ்சம், 3 மாதத்துக்கு மேல் தாமதமான புகார் போன்றவற்றில் மட்டும் முன்விசாரணைக்கு இடம் விட்டார்கள். புதிய சட்டம் இன்னொரு வாசலையும் திறந்திருக்கிறது: 3 ஆண்டு முதல், 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முன்விசாரணை நடத்தலாம். 14 நாள்; இரண்டு மாதம் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகார்களுக்கு முன்விசாரணை தேவையே இல்லை என்று அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது.

அடுத்த படி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில், தபாலில். மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு. 173(4) தபால் என்றே சொல்வதால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான இணையப் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் 175(3) மனு. பிரமாண வாக்குமூலம் கட்டாயம். முதல் புகார், சி.எஸ்.ஆர்., கண்காணிப்பாளருக்கு அனுப்பிய நகல், தபால் ரசீது நான்கும் இணைந்திருக்க வேண்டும். மனுக்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தக் கண்காணிப்பாளர் படியைத் தாண்டிக் குதித்ததால்தான். நேராக உயர் நீதிமன்றம் போனாலும் "கீழே போய்விட்டு வா" என்பதே வழக்கமான பதில்.

பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுத்தால் மறுத்த அதிகாரியே குற்றவாளி ஆவார்: பி.என்.எஸ். 199, ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல்.

ரயிலில் சேலம் தாண்டும்போது பை திருட்டு. சென்னையில் இறங்கிப் புகார் கொடுக்கலாமா? ஆன்லைனில் கொடுத்தால் போதாதா?
– வாசகி, சென்னை

கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. சொந்தக் குற்ற எண் போடாமல் பூஜ்ய எண்ணில் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே எண் விழும். அந்தப் புது எண்ணைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை. காப்பீடு கேட்கும்போது பூஜ்ய எண் போதாது.

மின்னஞ்சலிலோ இணையத்திலோ அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும். அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தால் அது வெறும் மனு.

கல்லூரிச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

தொலைந்தது குற்றம் இல்லை, எஃப்.ஐ.ஆர். கிடையாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை என்ற சேவை இருக்கிறது, அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். திருடு போனது என்றால் கதை வேறு.

என் பெயர் ஒரு எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதாம். நான் குற்றவாளியா? பாஸ்போர்ட் கிடைக்காதா?
– வாசகர், கோவை

இல்லை. நிலையத்து மொழியில் நீங்கள் 'எதிரி', புகார் கொடுத்தவர் 'வாதி'. எதிரி என்றால் பகைவன் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர் என்றே பொருள். எஃப்.ஐ.ஆர். தன்னளவில் எதையும் நிரூபிக்கும் சான்றும் அல்ல. எழுதிக் கொடுத்தவரை நீதிமன்றத்தில் வலுப்படுத்தவோ முரண்படுத்தவோ மட்டுமே பயன்படும்.

நகல் வாங்குங்கள். பதிந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு. மாவட்டம், நிலையம், எண், ஆண்டு தெரிந்தால் பார்த்துவிடலாம். இணையத்தில் இல்லாவிட்டால் நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ விண்ணப்பித்து, சான்றிட்ட நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் மட்டும்தான் இலவசம். பிரிவைப் பார்த்த பிறகு முன்ஜாமீன் தேவையா என்று வக்கீலிடம் கேளுங்கள், பார்க்காமல் ஓடாதீர்கள்.

பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) சொல்வது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள நடவடிக்கையைப் பற்றி. புலன் விசாரணையில் உள்ள எஃப்.ஐ.ஆர். அதுவாகாது. ஆனால் விண்ணப்பத்தில் கேட்டதை மறைத்தால் அந்த மறைப்பே தனிச் சிக்கல்.

சமாதானம் ஆகிவிட்டோம். எஃப்.ஐ.ஆரை வாபஸ் வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

சி.எஸ்.ஆர். கட்டத்தில் எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு வழக்கு அரசுடையது, நீங்கள் தகவல் சொன்னவர் மட்டும். நிலையத்தில் "வாபஸ்" என்று எழுதிக் கொடுத்த தாளுக்கு மதிப்பில்லை. சமரசத்துக்கு உரிய பிரிவுகளை பி.என்.எஸ்.எஸ். 359-இன் கீழ் நீதிமன்றத்தில் முடிக்கலாம். 115(2), 351(2) அதில் உண்டு, 296(பி) இல்லை. மேலே சொன்ன, நடக்காமலே சேர்த்த திட்டு இங்கேயும் வந்து கழுத்தைப் பிடிக்கும். அந்நிலையில் உயர் நீதிமன்றத்தில் 528-இன் கீழ் இருவரும் சேர்ந்து ரத்து கேட்க வேண்டியிருக்கும்.

பைக் திருடு போய் எஃப்.ஐ.ஆர். போட்டு எட்டு மாதம். ஒரு தகவலும் இல்லை.
– வாசகர், ஈரோடு

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை, பிரிவு 193(3). எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ், என்.டி.சி., வாங்கினால்தான் காப்பீட்டுப் பணம் நகரும். எஃப்.ஐ.ஆர். மட்டும் காட்டினால் கிடைக்காது.

மேல் நடவடிக்கை இல்லை என்று முடித்தால் ஆர்.சி.எஸ். எனப்படும் வழக்கு முடிப்பு நோட்டீஸ் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது காரணத்தைப் படியுங்கள். ஒப்பவில்லை என்றால் நடுவரிடம் ஆட்சேப மனு போடலாம். நோட்டீஸ் வாங்கியதை மறந்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்து நிலையத்தில் போய் நிற்பதுதான் அதிகம் நடக்கிறது.

'எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்', 'வழக்குப் பதிந்தார்கள்', 'வழக்குத் தொடர்ந்தார்கள்' எல்லாம் ஒன்றா? எங்கள் ஊர்ச் செய்தி எழுதும்போது குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், காரைக்குடி

முதல் இரண்டும் ஒன்று. மூன்றாவது வேறு: வழக்குத் தொடர்வது நீதிமன்றத்தில். எஃப்.ஐ.ஆர். போட்ட அன்றே அப்படி எழுதினால் தப்பு. 'புகார்' என்பது நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பொதுவாகப் புழங்கினாலும், சட்டத்தில் நடுவரிடம் நேரடியாகக் கொடுப்பதற்கே அந்தப் பெயர்; எது என்று சேர்த்து எழுதுங்கள். பிரிவுகளை எழுதும்போது 'பதிந்தபோது' என்று சேர்ப்பது பாதுகாப்பு. கொலை முயற்சி 109-இல் பதிந்து, காயம்பட்டவர் மறுநாள் இறந்தால் அதே குற்ற எண்ணில் பிரிவை 103 என்று மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள், புது எஃப்.ஐ.ஆர். வராது. 'குற்றவாளி கைது' என்ற தலைப்பு வேண்டாம். 'கைது செய்யப்பட்டவர்' என்றால் போதும்.